காசும் காஷும்

மேடையில் பேசுகிறவருக்குச் சபை கலையத் தொடங்குகிறது என்று தோன்றினால், அதைக் கட்டி நிறுத்தக் கைகண்ட மருந்து ஒன்று உண்டு. குரலைச் சிறிது தாழ்த்தி, "ஆங்கிலேயன் 'காஷ்' என்கிறானே, அந்தச் சொல் அவனுக்கு எங்கிருந்து கிடைத்தது தெரியுமா?" என்று கேட்க வேண்டும். ஒரு விநாடி மௌனம். பிறகு மேஜையைத் தட்டி, "நம்முடைய காசு, ஐயா! நம்முடைய காசு!" என்று முழங்க வேண்டும். கைதட்டல் கூரையைப் பிளக்கும். எழுந்து போகிறவர்கள்கூட நின்று தட்டிவிட்டுத்தான் போவார்கள்.

இந்தக் கைதட்டலின்மேல்தான் எனக்குச் சண்டை. தட்டுகிற கைகளின்மேல் இல்லை. அவை அன்பினால் தட்டுகின்றன. அந்த அன்பைச் சுலபமான சரக்காக எண்ணி வியாபாரம் செய்கிறவர்கள்மேல்தான்.

"தமிழுக்குப் பெருமை வந்தால் உமக்கு என்ன கசக்கிறதா?" என்று உடனே கேட்பார்கள். கசக்கவில்லை. நான் கதை எழுதுகிறவன். சொற்களை விற்றுச் சாப்பிடுகிறவனுக்கு அந்தச் சொற்கள் எங்கிருந்து வந்தன, எந்தெந்த வீட்டில் வாழ்ந்தன என்று அறிந்துகொள்ளும் ஆசை இருப்பதில் தவறில்லை. அதிலும் காசு என்ற இந்தச் சொல்லுக்கு உண்மையான வரலாறு ஒன்று இருக்கிறது. மேடையில் சொல்லப்படும் பொய்யைக் காட்டிலும் அது பன்மடங்கு சுவையானது. பொய் உரக்கப் பேசுகிற இடத்தில் அந்த உண்மையைக் கேட்க ஆள் இல்லை.

முதலில் ஆங்கிலேயனின் காஷைப் பார்ப்போம். அதாவது, "ரொக்கமாகக் கொடு" என்று சொல்லும்போது அவன் வாயில் வருகிற காஷ். இதற்கு மூலம் ஒரு பெட்டி. இலத்தீனில் பெட்டிக்குக் 'கப்ஸா' என்று பெயர். (நம் ஊரில் கப்ஸா என்றால் என்ன பொருள் என்று உங்களுக்குத் தெரியும். அந்த ஒற்றுமையை வைத்து ஒரு சொற்பொழிவு நிகழ்த்த யாராவது கிளம்புவதற்குள் விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.) அந்தக் கப்ஸா இத்தாலியில் 'காஸா' ஆயிற்று, பிரெஞ்சில் 'கேஸ்' ஆயிற்று. பணம் வைக்கும் பெட்டி என்று இருந்த பொருள், பெட்டிக்குள் இருக்கும் பணம் என்று மெல்ல நகர்ந்தது. ஆங்கிலத்தில் காஷ் என்ற சொல் 16-ம் நூற்றாண்டின் இறுதியில் நுழையும்போது பெட்டி, பணம் இரண்டு பொருளும் அதற்கு இருந்தன. பிறகு பெட்டி விழுந்துவிட்டது, பணம் நின்றது. ரஷ்யாவில் ரயிலுக்கோ நாடகத்துக்கோ சீட்டு வாங்கப் போனால் அந்தச் ஜன்னலுக்கு மேலே 'காஸா' என்றுதான் எழுதியிருக்கும். ஜெர்மானியர் 'காஸெ' என்பார்கள். துருக்கியர் 'காஸா' என்பார்கள். எல்லாம் அதே பெட்டியின் குட்டிகள்தான்.

பெட்டி பணமாக மாறுவது நமக்கு ஒன்றும் புதுமை அல்ல. மளிகைக் கடையில் முதலாளிக்கு எதிரே இருப்பது கல்லாப்பெட்டி. "இன்றைக்குக் கல்லா எப்படி?" என்று கேட்டால் அந்தப் பெட்டியின் சௌக்கியத்தையா விசாரிக்கிறோம்? ஒரு திரைப்படம் நன்றாகக் கல்லா கட்டுகிறது என்றால் தச்சு வேலை நடக்கிறது என்று யாரும் நினைப்பதில்லை. லிஸ்பனிலும் வெனிசிலும் நடந்த மாற்றம் நம் கோமுட்டித் தெருவிலும் நடந்திருக்கிறது. ஆக, ஆங்கிலேயன் சட்டைப் பையில் இருக்கும் காஷுக்கும் நம்முடைய காசுக்கும் ரத்த பாத்தியதை கிடையாது.

அப்படியென்றால் காசு கடல் கடக்கவே இல்லையா? கடந்தது! மேடைப் பேச்சாளர் கோட்டைவிட்டது இந்த இடத்தைத்தான். பெரிய ஆங்கில அகராதியைப் புரட்டிப் பாருங்கள். காஷ் என்ற தலைப்பில் இரண்டு தனித்தனிச் சொற்கள் இருக்கும். எழுத்து ஒன்றே, ஒலி ஒன்றே, ஆனால் பிறப்பு வேறு. முதல் காஷ் நாம் பார்த்த பெட்டி. இரண்டாவது காஷ் கீழை நாடுகளில் வழங்கிய மிகச் சிறிய நாணயம். இந்த இரண்டாவது சொல்தான் நம் காசு.

1498-ல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக் கரையில் இறங்கிய பிறகு போர்த்துகீசியர் இந்தக் கரை நெடுகிலும் கடை விரித்தார்கள். கடைவீதியில் காசு என்ற சொல்லைக் கேட்டார்கள். அவர்கள் மொழியில் பெட்டிக்குக் 'கய்ஷா' என்று பெயர். அதுவும் பழைய கப்ஸாவின் பேத்திதான். புதிதாகக் கேட்ட சொல்லைத் தங்களுக்குப் பழக்கமான சொல்லின் வடிவத்தில் வார்த்து, நாணயத்தையும் கய்ஷா என்றே சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். தமிழ்ப் பெண்ணுக்குப் போர்த்துகீசியப் பாவாடை கட்டிவிட்ட மாதிரி. பின்னால் வந்த ஆங்கிலேயர் அதை அவர்களிடமிருந்து வாங்கித் தங்கள் வாய்க்கு ஏற்பக் காஷ் என்றார்கள். அங்கேயும் வேறொரு காஷ் முன்கூட்டியே குடியிருந்தது. இப்படி இரண்டு வீடுகளில், இரண்டு தடவையும், நம்முடைய காசு அந்தப் பெட்டிக் குடும்பத்தின் முகமூடியைப் போட்டுக்கொள்ள நேர்ந்தது. ஒரு நாவலில் இப்படி ஆள் மாறாட்டம் எழுதினால் நம்ப முடியவில்லை என்று விமர்சகர்கள் எழுதுவார்கள்.

இந்த வரலாற்றைத் தேடிச் சேர்த்தவர்கள் யூல், பர்னெல் என்ற இருவர். இந்தியாவில் ஆங்கிலேயர் வாயில் புழங்கிய சொற்களுக்கென்று அவர்கள் தொகுத்த 'ஹாப்ஸன் ஜாப்ஸன்' என்னும் அகராதி 1886-ல் வெளிவந்தது. பர்னெல் தஞ்சாவூரில் நீதிபதியாக இருந்தவர். புத்தகம் வெளிவருவதற்குள் இறந்துவிட்டார். காஷைப் பற்றி எழுதும்போது அவர்கள் மேஜையைத் தட்டவில்லை. பழைய பிரயாணிகளின் குறிப்புகளை ஆண்டு வாரியாக அடுக்கிவைத்து, தமிழ் வடிவத்திலிருந்து போர்த்துகீசியர் எடுத்திருக்க வேண்டும் என்று அடக்கமாக எழுதி வைத்தார்கள்.

கம்பெனியார் காலத்துச் சென்னையில் கணக்கு எப்படி நடந்தது தெரியுமா? 80 காசு ஒரு பணம். 42 பணம் ஒரு வராகன். வராகனை வெள்ளைக்காரர்கள் பகோடா என்றார்கள். 1818-ல் ரூபாய்க் கணக்கு வரும் வரையில் கோட்டையில் உட்கார்ந்திருந்த குமாஸ்தாக்கள் காஷ் காஷ் என்று எழுதித் தள்ளியது இந்தக் காசைத்தான். திருவிதாங்கூரில் இன்னும் நெடுநாள் நீடித்தது: 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம். அங்கே 20-ம் நூற்றாண்டிலும் செப்புக் காசுகள் அடித்தார்கள். அதுமட்டுமல்ல. சீனாவில் நடுவே சதுர ஓட்டை போட்ட செப்பு நாணயம் ஒன்று வழங்கிற்று. கயிற்றில் ஆயிரம் ஆயிரமாகக் கோத்துத் தோளில் போட்டுக்கொண்டு போவார்கள். சீனர் அதை 'வென்' என்றார்கள். ஆங்கிலேயர் அதற்கும் காஷ் என்றே பெயர் வைத்தார்கள். இன்றும் நாணயம் சேகரிக்கிறவர்கள் நியூயார்க்கிலும் லண்டனிலும் அதைச் சீனக் காஷ் என்றுதான் சொல்கிறார்கள். தமிழகத்துச் செப்புத் துண்டின் பெயர் சீனத்துச் செப்புத் துண்டின்மேல் போய் உட்கார்ந்துகொண்டது.

1809 ஜனவரியில் அட்மிரல் கார்ட்னர் என்ற கப்பல் இங்கிலாந்தின் கென்ட் கரையருகே குட்வின் மணல்திட்டில் மோதி மூழ்கிற்று. சென்னை மாகாணத்துக்கென்று பர்மிங்ஹாமில் அடித்த செப்பு நாணயங்கள் அதில் டன் கணக்கில் இருந்தன. 1980-களில் முக்குளிப்பவர்கள் லட்சக் கணக்கில் அவற்றை எடுத்தார்கள். ஒரு பக்கம் கம்பெனியின் சிங்கச் சின்னம். மறுபக்கம் பாரசீக எழுத்து. அதன் கீழே ஆங்கிலத்தில் 'இருபது காஷ்', 'பத்துக் காஷ்'. இங்கே வந்து சேராமலே 175 வருஷம் இங்கிலீஷ் கடலடியில் கிடந்தது நம்முடைய காசு. இதைச் சொல்லிக் கைதட்டல் வாங்கக் கூடாதா? தாராளமாக வாங்கலாம். ஆனால் இதைச் சொல்லக் கொஞ்சம் படிக்க வேண்டும். மற்றதைச் சொல்லக் காது ஒன்று இருந்தால் போதும்.

காதை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு நம் வீட்டுக்குள்ளேயே ஓர் உதாரணம் இருக்கிறது. ஏலம் என்று இரண்டு சொற்கள் நம்மிடம் உண்டு. ஒன்று பாயசத்தில் போடுவது. மற்றது கடனில் மூழ்கிய வீட்டைத் தண்டோரா போட்டு விற்பது. போடிநாயக்கனூரில் ஏலக்காயை ஏலம் விடுகிறார்கள். நாளைக்கு ஒருவர் எழுந்து, "உலகத்தில் முதன்முதல் ஏலக்காயைத்தான் கூவி விற்றார்கள், ஆகவே கூவி விற்பதற்கே ஏலம் என்று பெயர் வந்தது" என்று சொன்னால், எத்தனை பொருத்தமாக இருக்கிறது பாருங்கள்! நம்பத்தான் தோன்றும். ஆனால் மலையில் விளையும் ஏலம் நம்முடையது. விலை கூவும் ஏலம் போர்த்துகீசியரின் 'லெய்லாங்'. அவர்கள் அதை அரபு மொழியிலிருந்து வாங்கினார்கள். அங்கே அறிவிப்பு என்று பொருள். சாவி, ஜன்னல், அலமாரி, மேஜை எல்லாம் வந்த அதே கப்பலில் இந்த ஏலமும் வந்து இறங்கிற்று.

முந்திரிக்கொட்டை இன்னொரு வேடிக்கை. அதை ஆங்கிலத்தில் 'காஷ்யூ' என்பதும், கேரளத்தில் 'கசுவண்டி' என்பதும் காசிலிருந்து வந்தவை என்று சொல்ல நாக்கு துறுதுறுக்கும். முந்திரியோ பிரேசில் நாட்டு மரம். அந்த நாட்டுப் பழங்குடிகளான தூப்பி மக்கள் 'அகஜு' என்றார்கள். போர்த்துகீசியர் 'கஜு' என்றார்கள். மரத்தோடு பெயரும் வந்தது. அவ்வளவுதான்.

சின்னச் சொல்லுக்கு இந்த ஆபத்து எப்போதுமே அதிகம். நீளமான சொல் இரண்டு மொழிகளில் ஒத்திருந்தால் அது தற்செயலாக இருப்பது அரிது. கட்டுமரம் என்பது ஆங்கிலத்தில் 'கட்டமரான்' ஆனதை எந்த நீதிமன்றத்திலும் நிரூபித்துவிடலாம்; அத்தனை எழுத்தும் சாட்சி சொல்லும். இரண்டெழுத்துச் சொல்லுக்குச் சாட்சி ஏது? மனிதன் வாயிலிருந்து வரும் ஒலிகள் சொற்பம்; மொழிகளோ ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. எங்கேயாவது முட்டிக்கொள்ளத்தான் செய்யும். துருக்கியில் 'கஸ்' என்றால் தசை. ஹங்கேரியில் 'கஷ்' என்றால் கூடை. எஸ்தோனியாவில் 'கஸ்' என்று ஆரம்பித்தால் கேள்வி கேட்கப் போகிறார்கள் என்று அர்த்தம். சற்று அழுத்திச் சொன்னால் பூனை. அரபியில் 'கஃஸ்' குடிக்கும் கோப்பை. இவற்றையெல்லாம் ஒரே கயிற்றில் கோக்க வேண்டுமென்றால், கூடை நிறையக் காசு வைத்திருந்த தசைப்பற்றுள்ள பூனை ஒன்று கோப்பையில் பால் குடித்த கதையைத்தான் எழுத வேண்டும்.

பாரசீகத்தில் 'பத்' என்றால் கெட்டது. ஆங்கிலத்தில் 'பாட்' என்றாலும் கெட்டது. இரண்டுக்கும் சம்பந்தமில்லை. ஆஸ்திரேலியாவின் வட குவீன்ஸ்லாந்தில் ம்பாபரம் என்ற பழங்குடி மொழி ஒன்று இருந்தது. அதில் நாய்க்கு என்ன பெயர் என்று கேட்ட டிக்ஸன் என்ற மொழியறிஞருக்குக் கிடைத்த பதில், 'டாக்'! ஆங்கிலேயனிடம் கடன் வாங்கியதோ என்றுதான் யாருக்கும் தோன்றும். அவர் அக்கம்பக்கத்து மொழிகளை ஆராய்ந்தார். அவற்றில் நாய்க்கு 'குடக' என்றும் 'குட' என்றும் பெயர். ம்பாபரம் மொழி சொற்களின் தலையை வெட்டிவிடும் வழக்கமுடையது; குடகவின் தலையும் வாலும் போய் டாக் நின்றது. வெள்ளைக்காரன் நாய்க்கும் அந்த நாய்க்கும் ஒரு குரைப்பைத் தவிர வேறு ஒற்றுமை இல்லை.

அப்படியானால் எது உண்மை உறவு, எது வெறும் முகஜாடை என்று கண்டுபிடிப்பது எப்படி? பெங்களூருக்குப் போய் நாலு நாள் இருந்தவர்களுக்கு இதன் ரகசியம் தெரிந்திருக்கும். நம்முடைய பால் அங்கே ஹாலு. பத்து, ஹத்து. பல், ஹல்லு. புலி, ஹுலி. பூ, ஹூ. நாம் ப என்று தொடங்குகிற இடத்தில் கன்னடத்துக்காரர் ஹ என்று தொடங்குகிறார். அது ஒரு சொல்லில் அல்ல, வரிசையாகப் பல சொற்களில். இதுதான் உறவு. ஒரே மாதிரி ஒலிப்பது உறவல்ல. வேறுபடுகிறபோதுகூட ஓர் ஒழுங்கோடு வேறுபடுவதுதான் உறவு. ஐரோப்பாவிலும் இதே கதைதான். இலத்தீனில் க என்று தொடங்குகிற இடத்தில் ஆங்கிலமும் ஜெர்மனும் ஹ என்று தொடங்கும். கொம்புக்கு அங்கே 'கோர்னு', இங்கே 'ஹார்ன்'. நூறுக்கு அங்கே 'கெந்தும்', இங்கே 'ஹண்ட்ரட்'. இந்த ஒழுங்கைக் கிரிம் என்ற ஜெர்மானியர் 1822-ல் விதியாகவே எழுதிவைத்தார். குழந்தைகளுக்குத் தேவதைக் கதைகள் சேகரித்துக் கொடுத்தாரே, அதே கிரிம்தான்.

இந்த விதியை வைத்துக்கொண்டு காஷின் மூதாதையான கப்ஸாவைப் பாருங்கள். அது பிறந்தது 'கபேரே' என்ற வினையிலிருந்து. பிடி, கைக்கொள் என்று பொருள். க ஹ ஆகுமென்றால் இதற்கு ஆங்கிலத்தில் யார் உறவு? 'ஹாவ்'! கையில் வைத்திரு என்று பொருள்படுகிற அதே ஹாவ். இலத்தீனில் ஹாவைப் போலவே ஒலித்து, அதே பொருளும் உடைய 'ஹபேரே' என்ற சொல் ஒன்று இருக்கிறது. அதற்கும் இதற்கும் உறவில்லை என்பதுதான் அறிஞர்கள் கண்ட முடிவு. அச்சாக ஒத்திருப்பவன் அந்நியன். ஜாடையே இல்லாதவன் சகோதரன். காஷின் ஆங்கிலப் பங்காளி யார் என்று கேட்டால் ஹாவைத்தான் காட்ட வேண்டும், காசை அல்ல. லிதுவேனியாவில் 'கஸ்' என்றால் யார். வடமொழியில் 'க:' என்றாலும் யார். இந்த ஒற்றுமை உண்மையான ஒற்றுமை. அதே குடும்பத்தில் பிறந்ததுதான் ஆங்கிலத்து 'ஹூ'வும்.

எட்டு என்ற எண்ணையும் மேடையில் கேட்டிருப்பீர்கள்: நம்முடைய எட்டுத்தான் அவர்களுடைய 'எய்ட்' என்று. இந்த இரண்டையும் பின்னோக்கி நடத்திப் பார்ப்போம். எண்பது, எண்ணூறு, எண்டிசை என்று நம்மிடமே ஒரு ணகரம் ஒளிந்திருக்கிறது. கன்னடத்தில் எண்டு என்றே சொல்கிறார்கள். ஆங்கிலத்து எய்ட் பின்னோக்கி நடந்தால் ஜெர்மனில் 'ஆஃக்ட்', இலத்தீனில் 'ஒக்தோ', வடமொழியில் 'அஷ்ட'. அங்கே ஒளிந்திருப்பது ககரம். உண்மையான உறவினர் இருவரைப் பூர்வீகத்தை நோக்கி நடத்தினால் நெருங்கி வருவார்கள். இவர்கள் விலகி விலகிப் போகிறார்களே!

அப்பா, அம்மா விஷயத்தையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் விடமாட்டார்கள். கொரியாவில் 'அப்பா' என்றால் அப்பாதான். அம்மா அங்கே 'ஒம்மா'. எபிரேயத்தில் 'அப்பா'. சீனத்தில் 'மாமா' தாய். உலகத்துக்கெல்லாம் தமிழன் தாய் தந்தையரைக் கொடுத்துவிட்டான் என்று எண்ணத் தோன்றுகிறதல்லவா? ரோமன் யாக்கப்ஸன் என்ற பேரறிஞர் 1960-ல் வெளிவந்த ஒரு கட்டுரையில் இதற்குக் காரணம் காட்டியிருக்கிறார். பல் முளைக்காத குழந்தைக்கு முதலில் வசப்படுபவை உதடு சேரும் ஒலிகள்தாம்: ம, ப. குழந்தை உளறுகிறது, பெற்றோர் தங்களைத்தான் கூப்பிடுகிறது என்று மகிழ்ந்து போகிறார்கள். எது யாருக்கு என்பது அந்தந்த ஊர் வழக்கம். காகசஸ் மலையில் ஜார்ஜியர்களிடம் போய் 'மாமா' என்றால் தகப்பன் திரும்பிப் பார்ப்பான். தாய்க்கு அங்கே 'தெதா'. அவ்வளவு தூரம் போவானேன்? மங்களூர்ப் பக்கத்துத் துளுவில் 'அப்பெ' தாய், 'அம்மெ' தகப்பன்.

போகட்டும், இதனால் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்கலாம். நஷ்டம் நமக்குத்தான். 200 வருஷங்களுக்கு முன் இதே காது வைத்தியத்தைத் தமிழின்மேல் பிறர் செய்துகொண்டிருந்தார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. தென்னாட்டு மொழிகள் எல்லாம் சமஸ்கிருதத்திலிருந்து பிறந்தவை என்று நம் பண்டிதர்கள் பலர் சொன்னார்கள். வில்லியம் கேரி போன்ற வெள்ளைக்காரர்களும் சொன்னார்கள். ஆதாரம்? ஒலி ஒத்திருந்த சில சொற்கள். அந்தக் கூற்றை முதன்முதல் முறித்தவர் சென்னையில் கலெக்டராக இருந்த எல்லிஸ். 1816-ல் காம்பெல் எழுதிய தெலுங்கு இலக்கணத்துக்கு ஒரு முன்னுரைக் குறிப்பு எழுதினார். வடமொழி வேர்களை ஒரு பக்கமும் தெலுங்கு வேர்களை ஒரு பக்கமும் வரிசையாக வைத்து இவை வேறு என்று காட்டினார். பிறகு தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இவை ஒன்று என்று காட்டினார். திருக்குறளில் தோய்ந்த மனிதர். திருவள்ளுவர் உருவம் பொறித்த தங்க நாணயம் ஒன்றை அவர் வெளியிட்டார் என்று நம் காலத்தில் ஐராவதம் மகாதேவன் எடுத்துக் காட்டினார். 1856-ல் கால்டுவெல் அந்த வேலையை ஒரு மாபெரும் நூலாக விரித்தார். அந்த மொழிகளைச் 'சித்திய' மொழிகளோடு அவர் உறவாக்கியதை இன்று அறிஞர்கள் ஏற்பதில்லை. ஆனால் இலக்கணத்தை இலக்கணத்தோடும் வேரை வேரோடும் ஒப்பிட்ட முறை நின்றது.

தமிழ் தனி மொழி என்று உலகம் ஒப்புக்கொண்டது மேஜையைத் தட்டியதால் அல்ல. இந்த முறையினால். நமக்கு விடுதலை வாங்கிக் கொடுத்த ஆயுதத்தை நாமே கிணற்றில் போட்டுவிட்டு, எதிரி கீழே போட்டுவிட்டுப் போன துருப்பிடித்த கத்தியை எடுத்துச் சுழற்றிக்கொண்டிருக்கிறோம். "ஒலி ஒத்திருந்தால் அது எம்முடையது" என்பது வாதமானால், அதே வாதத்தால் தமிழையும் ஒருவன் தனதென்று சொல்லலாம். அப்போது எந்த முகத்தோடு மறுப்போம்?

தேவநேயப் பாவாணரைச் சொல்லி என்னை மடக்கப் பார்ப்பார்கள். பாவாணர் வறுமையோடு மல்லாடிக்கொண்டு வாழ்நாளெல்லாம் வேர்ச்சொற்களைத் தோண்டியவர். 1974-ல் சொற்பிறப்பியல் அகரமுதலிக்குப் பொறுப்பேற்று, 1981-ல் கண் மூடும் வரை அதிலேயே இருந்தவர். ஆங்கிலம் முதல் எல்லா மொழிக்கும் தமிழே மூலம் என்ற அவருடைய முடிவை நான் ஏற்கவில்லை. ஆனால் ஒரு சொல்லின் பின்னால் எத்தனை நாள் அலைய வேண்டும் என்பது அவருக்குத் தெரியும். அவருடைய உழைப்பை விட்டுவிட்டு முடிவை மட்டும் எடுத்துக்கொண்டவர்களைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறேன். கைப்பேசியில் இரவு வந்த செய்தியைக் காலையில் நாலு பேருக்கு அனுப்புவதற்கு ஆராய்ச்சி என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

மேலும், பொய்யான பத்துப் பெருமைகள் உண்மையான இரண்டைக் கொன்றுவிடுகின்றன. இஞ்சிக்கு ஆங்கிலத்தில் 'ஜிஞ்சர்' என்கிறார்கள். இந்தச் சொல் நம் பக்கத்து இஞ்சிவேரிலிருந்து கிளம்பி, பாலியிலும் கிரேக்கத்திலும் இலத்தீனிலும் தங்கித் தங்கி மேற்கே போயிற்று. இந்த ஒரு சொல்லின் பிரயாணத்துக்கென்றே ஆலன் ராஸ் என்ற ஆங்கிலேயப் பேராசிரியர் 1952-ல் ஒரு தனிப் புத்தகம் எழுதினார். சுருட்டு 'செரூட்' ஆயிற்று. மிளகுத்தண்ணீர் 'முல்லிகடானி' ஆயிற்று. குருந்தம் 'கொரண்டம்' ஆயிற்று. இவை சாட்சியத்தோடு கூடிய சொத்துக்கள். எட்டும் எய்ட்டும், கொல்லும் 'கில்'லும் என்று கலப்படம் செய்து அதே தட்டில் வைத்து நீட்டினால், வெளியூர் அறிஞன் தட்டையே தள்ளிவிடுகிறான். அவனைக் குறை சொல்ல முடியவில்லை. பாலில் தண்ணீர் கலக்கிறவன் கடையில் நல்ல பால் இருக்கும் நாளிலும் யார் வாங்குவார்கள்?

இத்தனைக்கும் காசு தன் சொந்த ஊரில் வாழ்ந்த வாழ்வு என்ன சாமானியமா? ராஜராஜன் காலத்தில் அது பொன். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் காசு கடன் கொடுத்து, ஒரு காசுக்கு வருஷம் அரைக்கால் காசு வட்டி வாங்கியிருக்கிறார்கள். எட்டு நூற்றாண்டு கழித்துக் கம்பெனிக்காரன் கையில் அதே காசு பணத்தில் எண்பதில் ஒரு பங்காகச் செம்பில் கிடந்தது. தெலுங்கில் அது இன்னும் பொன்னாகவே இருந்து கல்யாணப் பெண்ணின் கழுத்தில் காசுமாலையாகத் தொங்குகிறது. சிங்களத்தில் 'காசி' என்று நாணயமாக உருள்கிறது. நம்மிடமோ சல்லிக்காசு, செல்லாக்காசு, பிச்சைக்காசு. குற்றம் என்றும் அதற்கு ஒரு பொருள் உண்டு. காசறு என்றால் களங்கமற்ற. வெண்பாவின் கடைசிச் சீருக்கு நாள், மலர், காசு, பிறப்பு என்று வாய்பாடு வைத்த இலக்கணக்காரர், மலருக்கும் பிறப்புக்கும் நடுவில் காசை உட்கார வைத்தார். வேண்டுமென்றே செய்தாரோ என்று ஒரு கதாசிரியனுக்குச் சந்தேகம் வருவது இயல்புதான்.

இன்னும் பின்னால் போனால் குறுந்தொகை. அள்ளூர் நன்முல்லை என்ற பெண் புலவர் ஒரு காட்சி காட்டுகிறார். கிளி ஒன்று வளைந்த மூக்கில் வேப்பம்பழத்தைக் கவ்வியிருக்கிறது. புது நூல் கோப்பதற்காகத் தட்டான் தன் கூரிய நகத்தால் ஒரு பொற்காசைப் பிடித்திருப்பதுபோல் அது இருக்கிறதாம்.

இந்தக் காசுக்கே மூலம் எது என்பதில் அறிஞர்களிடையே இரண்டு கட்சி உண்டு. வடமொழியில் 'கர்ஷ' என்று ஓர் எடை அளவு. அதிலிருந்து வந்தது என்பது ஒரு கட்சி. திராவிடச் சொல்லே என்பது இன்னொன்று. யூலும் பர்னெலும் கர்ஷத்தின் பக்கம் சாய்ந்தார்கள். வழக்கு நடக்கட்டும், சாட்சியங்கள் வரட்டும். இந்த இடத்தில்தான் மேடைக்காரர் முகம் வாடுகிறது. மூலம் நம்முடையதில்லை என்று தீர்ப்பாகிவிட்டால் மானம் போய்விடுமே என்று பயப்படுகிறார். எந்த மானம்? கர்ஷத்திலிருந்துதான் காசு வந்தது என்று நாளைக்கே சந்தேகமற நிரூபித்துவிட்டால், நன்முல்லையாரின் கிளி அந்த வேப்பம்பழத்தைக் கீழே போட்டுவிடுமா?